அம்மா அளந்த கயிறு

அம்மா இல்லாத முதல் வருடத்தை எப்படியோ கடந்துவிட்டோம். ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலருக்கு அவர் உறவு. பலருக்கு, கயிறு அளந்து தந்த கடைக்கார அக்கா. எல்லோருக்குமாகவே மூத்த மகளான நான் இதை எழுதுகிறேன்.

அம்மா கொழும்புத்துறையில், ஆறு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வலை ஊசி கைக்கு வந்தது. குருநகரில் அப்பாவைக் கைப்பிடித்த பிறகு, அப்பா கடலுக்குப் போக, அம்மா வீட்டு விறாந்தையில் மற்றவர்களுக்கு வலை கட்டிக் கொடுத்தார். வலையை மேற்கயிற்றில் கோத்து, மிதவையும் ஈயமும் வைத்துக் கட்டுவதில் அவருக்குப் பெரிய பேர். கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து அகல விரித்து அளப்பார். அந்த ஒரு விரிப்புத்தான் ஒரு பாகம். அம்மா நல்ல உயரம். அவர் அளந்த கயிற்றை எங்கள் கரையில் ஒருவரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை.

போர்க்கால இடப்பெயர்வில் வள்ளமும் வலையும் போயின. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, உடுப்புப் பைக்குள் அம்மா கொண்டுவந்திருந்த வலை ஊசிகள் இரண்டைக் கண்டு அப்பா சிரித்தாராம். திரும்பி வந்து அந்த ஊசிகளோடுதான் தொடங்கினார்கள். வலை கட்டக் கொடுத்தவர்கள் மிதவையும் கேட்டார்கள். விறாந்தையில் அம்மா ஒரு மேசை போட்டார். பிறகு ஈயம், நைலோன் கயிறு, நங்கூரம். அப்பா காலமான பின், தம்பி படிப்பை முடித்து வந்து இஞ்சின் சாமான்களும் உயிர்காப்பு அங்கிகளும் எடுத்துப் போட்டான். இன்று வீதிக்கரையில் இருக்கும் கடை அந்த மேசைதான்.

தம்பி அளவு நாடா வாங்கி வந்த அன்று அம்மா அதை ஆணியில் கொழுவினார்.

"உது உனக்கு. எனக்குக் கை இருக்கு."

நான்கு வருடங்களுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடது தோள் முழுதாக விரியாமல் போயிற்று. வைத்தியர் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் கடைக்கு வந்து கயிறு அளந்தார். அம்மாவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. அதை இங்கே மறைத்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஒரு நாள் காலையில் யேசுதாசன் அண்ணை ஒரு கயிற்றுச் சுருளோடு வந்து நின்றார்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. பத்துப் பாகம் எண்டு தந்தனீங்கள். என்ரை கைக்கு எட்டரைதான் வருது."

"உன்ரை கை நீளமாக்கும்."

"நேற்றைய காத்துக்கு நங்கூரம் பிடிக்கேல்லை. வள்ளம் இழுபட்டுக் கடலடிக் கற்பாரிலை ஏறிப்போச்சு. ஆக்களுக்கு ஒண்டுமில்லை, அக்கா."

அம்மா எழுந்து கைகளை விரித்தார். இடது கை பாதியில் நின்றது. அதை அன்றுதான் அவரே பார்த்தார் என்று நினைக்கிறேன். கையை இறக்கிக் கதிரையில் இருந்தார். பிறகு கடையைப் பூட்டச் சொன்னார்.

ஓட்டோவில் கயிற்றை ஏற்றிக்கொண்டு, விழுந்த நாளிலிருந்து கயிறு வாங்கிய வீடுகளுக்கெல்லாம் குறைந்ததை ஈடுசெய்யப் போனார். நானும் கூடப் போனேன். மூன்றாவது வீட்டில்தான் விஷயம் வெளிவந்தது. அங்கிருந்த அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எங்களுக்கு வாங்கின கயிறு காணும், மாமி. பத்து வேணுமெண்டா நாங்கள் பன்னிரண்டு கேட்டு வாங்கிறனாங்கள்."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதை. அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று, கரை முழுவதும் தெரிந்துகொண்டே கூட்டிக் கேட்டிருக்கிறது. அப்படியொரு கோபத்தை அம்மாவிடம் நான் வாழ்நாளில் கண்டதில்லை.

"என்னை மதிச்சிருந்தா முகத்துக்கு நேரை சொல்லியிருப்பியள். உங்கடை பிள்ளையள் போற வள்ளமெல்லோ!"

அழுதுகொண்டேதான் ஏசினார்.

மறுநாள் யேசுதாசன் அண்ணை, அம்மா முன்பு அவருக்குக் கட்டிக் கொடுத்த வலையைக் கொண்டு வந்தார். பாகத்துக்கு ஒரு மிதவை வைத்துக் கட்டியது. இரண்டு மிதவைகளுக்கு இடையில் அம்மாவின் பழைய விரிப்பு அப்படியே இருந்தது. தம்பி அந்த அளவுக்குக் கடை மேசையில் இரண்டு பித்தளை ஆணிகள் அறைந்தான். அன்று முதல் அம்மாவும் ஆணிக்கு ஆணி பிடித்தே அளந்தார்.

கடைசி மாதங்களில், படுக்கையில் இருந்தபடி ஒரு வேலை சொன்னார்.

"அண்டைக்குக் கனக்க ஏசிப்போட்டன். அதுகளும் என்னிலை பாசத்திலைதானே செய்ததுகள். நான் சொன்னனான் எண்டு எல்லாரிட்டையும் சொல்லு."

இதோ சொல்லிவிட்டேன்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நோயில் பூசுதல் வழங்கிய பங்குத் தந்தைக்கும், செபமாலை சொல்ல வந்து தேநீரும் போட்டுத் தந்த அயலவர்களுக்கும், கடல் கடந்திருந்து தொலைபேசியில் அழுத உறவுகளுக்கும் எங்கள் நன்றி. பத்துக்குப் பன்னிரண்டு கேட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி. எல்லோருக்கும் மேலாக, கயிற்றோடு வந்து அம்மாவிடம் குறை சொன்ன யேசுதாசன் அண்ணைக்கு நன்றி.

அந்த ஆணிகள் இன்னும் மேசையில் இருக்கின்றன. இனி எப்போதாவது எங்கள் கயிறு கட்டையாக இருந்தால், தயவுசெய்து இரண்டு பாகம் கூட்டிக் கேட்காதீர்கள். வந்து சொல்லுங்கள். நாங்கள் அம்மாவின் பிள்ளைகள். கடையைப் பூட்டிவிட்டு, கயிற்றோடு உங்கள் வீட்டுக்கு வருவோம்.