பஞ்சாலையைத் தெரியாது என்ற கணினி

அந்தக் கணினி மீது பஞ்சாலை அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான்.

தலைமை அலுவலகத்து ஆட்கள் இருவர் வேனில் வந்தார்கள். பழைய கணினியைக் கோழியைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் வேனின் பின்னால் போட்டார்கள். புதிய சிஸ்டம் வந்துவிட்டதாம். பழைய பெட்டி அதைத் தாங்காதாம். மேசையில் மெலிதாக, கறுப்பாக, கண்ணாடிபோல ஒன்றை நிறுத்திவிட்டு, "இனி பாஸ்வேர்ட் அடிக்க வேண்டாம் அக்கா. முன்னால உக்காந்து பாருங்க, உங்க முகத்தப் பார்த்து அதுவே தெறந்துக்கும்" என்றார்கள்.

உண்மைதான், திறந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் திறக்கிற கதவை யார் நம்புவார்கள்?

சிரம்பான் பக்கத்துப் புக்கிட் செம்பாக்கா தோட்டத்து ஆபீஸில் பஞ்சாலைதான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. செம்பனை மரங்களுக்கு இடையே முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தவள், ராசா டவுனில் மாலை வகுப்புக்குப் போய்த் தட்டச்சும் கணக்கும் படித்து, அந்த ஆபீஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த அன்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்த பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து அழுதார்கள். அவளும் அழுதாள். அந்த நாற்காலிதான் இப்போது ஆடிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிவில் தோட்டத்து ஆபீஸை மூடி, செனாவாங்கிலுள்ள பெரிய ஆபீஸோடு சேர்க்கப் போகிறார்கள். இங்கிருந்து ஒரே ஒரு கிராணியைத்தான் அங்கே கூட்டிக்கொள்வார்கள். இருப்பதோ இரண்டு பேர். ஒருத்தி பஞ்சாலை. இன்னொருத்தி, செனாவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒப்பந்த வேலைக்காரி டான்யா. கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, காதில் எப்போதும் ஏதோ பாட்டு.

இந்த நேரத்தில் புதிய சிஸ்டம் வருவானேன் என்று பஞ்சாலை யோசித்தாள்.

இத்தனை வருடமாக இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானைக் காணவில்லை. பழக்கத்தில் அங்கே தட்டினால் சிரம்பானில் மழை என்று படம் வந்தது.

"மழை பேஞ்சா நான் ஜன்னல்ல பாத்துக்குவேன் லா! என் பொத்தான் எங்க?"

"நடுவுல வந்திருச்சு அக்கா" என்றாள் டான்யா, தலையைத் திருப்பாமல்.

"யாரு நகத்தி வச்சா?"

"யாரும் இல்லக்கா. புது டிசைன்."

யாரும் நகர்த்தாமல் ஒரு பொருள் நகருமா? 'காப்பி', 'டிலீட்' என்று எழுத்தில் இருந்தவையெல்லாம் சின்னச் சின்னப் படங்களாகிவிட்டன. முன்பக்கத்தில் அவள் வரிசையாக வைத்திருந்த கோப்புகள் மேகத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னது. தினமும் காலையில் திரையில் வேறொரு ஊர்ப் படம் வந்தது. ஒருநாள் பனிமலை, ஒருநாள் பாலைவனம். அவள் வைத்திருந்த முருகன் படம் எந்த மேகத்தில் இருக்கிறதோ, அந்த முருகனுக்கே வெளிச்சம்.

முகத்தைப் பார்க்காத நேரத்தில் திறக்க ஆறு இலக்க எண் ஒன்றும் வேண்டும் என்று வந்த ஆட்கள் கேட்டிருந்தார்கள். அப்போது பஞ்சாலை வெளியே வங்காளதேசத்து ஆட்களின் பாஸ்போர்ட் பிரச்சினையில் மாட்டிக்கொண்டிருந்தாள். "நீயே ஏதாச்சும் போட்டு விடு" என்று டான்யாவிடம் கத்தினாள். டான்யா போட்டாள், பிறகு சொல்லவும் செய்தாள். பஞ்சாலை காதில் வாங்கவில்லை. முகம் இருக்கும்போது எண் எதற்கு?

ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அது பெரிய நாள். லாரி, டிராக்டர், குலை அறுக்கும் கத்தி, ஆபீஸ் போட்டோஸ்டாட் இயந்திரம் என்று எதையும் விடமாட்டார்கள். பஞ்சாலை குளித்து, மஞ்சள் புடவை கட்டி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தாள். பிடிக்கிறதோ இல்லையோ, சோறு போடும் பொருள். மனிதருக்கு வைப்பதுபோலவே கணினியின் நெற்றிக்கு நடுவில், மேல் விளிம்பின் மத்தியில், பெரிய சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள். விசைப்பலகைமேல் ஓர் எலுமிச்சம்பழம்.

அவசரமாக ஒன்றை அச்செடுக்க வேண்டியிருந்ததால் டான்யா அந்தப் பழத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பஞ்சாலைக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"சாமி காரியத்துல கை வைக்காத! உங்க வீட்டுச் சிலுவ ஆல்டர்ல நான் வந்து கை வச்சனா?"

டான்யாவின் முகம் வெளுத்தது. "சாரி அக்கா" என்று பழத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்றிலிருந்து பூசைப் பொருள் எதன் பக்கமும் அவள் விரல்கூடப் போகவில்லை.

விடுமுறை முடிந்து பஞ்சாலை கணினி முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்களை அடையாளம் தெரியவில்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தெரியவில்லை. சிரித்துப் பார்த்தாள். தெரியவில்லை. வாழ்நாளையே இந்த ஆபீஸுக்குக் கொடுத்தவளைப் பார்த்து நேற்று வந்த கண்ணாடித் துண்டு சொல்கிறது, உன்னை யாரென்றே தெரியாது என்று!

டான்யா எழுந்து வந்தாள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் எண்ணைத் தட்டினாள். கணினி மறுபேச்சில்லாமல் திறந்தது.

கையால் மறைத்தாள்! பேங்க் மெஷினில் எண்ணை மறைத்துப் பழகிய கை என்று நமக்குத் தோன்றலாம். பஞ்சாலைக்குத் தோன்றவில்லை. என் முகத்தை எடுத்துவிட்டு இவள் தன்னை வைத்துக்கொண்டாள் என்றுதான் தோன்றியது.

அதன்பிறகு தினமும் அதே கதை. பஞ்சாலை தன் கஞ்சில் காரில் ராசாவிலிருந்து வந்து சேர்வதற்குள் டான்யா முந்தி வந்து கணினியைத் திறந்து வைத்திருப்பாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மூடியிருக்கும். டான்யா எழுந்து வருவாள், மறைப்பாள், தட்டுவாள், போவாள். எண் என்ன என்று கேட்க ஒரு வார்த்தை போதும். பஞ்சாலை கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தெரியாதவளுக்குச் செனாவாங்கில் யார் நாற்காலி போடுவார்கள்?

நடுவுக்கு வந்துவிட்ட அந்தப் பொத்தானை ஒருநாள் தட்டியபோது, கடைசியாகத் திறந்த கோப்புகளைக் கணினி தானாகவே காட்டியது. தன் ஆட்களின் வேலைநாள் கணக்கு, தான் வருவதற்கு முன்பே காலையில் திறக்கப்பட்டிருந்தது.

"என்னா கிராணியம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று வாசலில் நின்று கேட்டார் ஆட்களை வேலை வாங்கும் ஆறுமுகம் மண்டோர்.

"பேய்னா பரவால்லண்ணே. பேயி சம்பளத்துக்கு வராது."

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, மேனேஜர் ரவிச்சந்திரனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். டான்யா தன்னைக் கணினியிலிருந்து வெளியே தள்ளிப் பூட்டிவிட்டாள், தன் கணக்குகளைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறாள். சொல்லும்போது அழுகை வந்தது. ரவிச்சந்திரன் இரக்கமுள்ளவர், அவசரக்காரரும்கூட. பஞ்சாலை மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே டான்யா வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டார். பிறகுதான் விசாரிக்க எழுந்து வந்தார். பின்னாலேயே ஆறுமுகமும் வந்து நின்றார்.

"டான்யா, அந்தக் கம்ப்யூட்டர என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"அவங்களுக்குத் தெறக்கல, உங்களுக்குத் தெறக்குது. எப்படி?"

டான்யாவின் பார்வை கணினியின் நெற்றிக்குப் போயிற்று, பஞ்சாலையின் நெற்றிக்கு வந்தது, தரையில் விழுந்தது.

"பாருங்க சார் முழிக்கறத!" என்றாள் பஞ்சாலை.

"சொல்லுங்கம்மா. சொல்லலைன்னா இன்னியோட நிறுத்த வேண்டியதுதான்."

டான்யாவின் உதடு துடித்தது. "சார்... அந்தப் பொட்ட அக்கா தொடைச்சிட்டா போதும்."

பஞ்சாலையின் கை தன் நெற்றிக்குப் போயிற்று.

பஞ்சாலையின் கணவர் முருகையா, செம்பனைப் பழ லாரி ஓட்டியவர், போய்ச் சேர்ந்த நாளில் உறவுப் பெண்கள் அவள் பொட்டை அழிக்க வந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். 'இது அவரு வச்சதில்ல. சின்னப் பிள்ளையிலேர்ந்து நானா வச்சது. யாரும் தொடாதீங்க!' என்று அவள் கதறியது தோட்டம் முழுக்கக் கேட்டது. இன்றுவரை அந்தப் பொட்டு இருக்கிறது. அந்தக் கதை தெரியாதவர் இந்தத் தோட்டத்தில் இல்லை. டான்யாவுக்கும் ஆறுமுகம் சொல்லியிருந்தார்.

"என்ன சொன்ன?" பஞ்சாலையின் குரல் கிறீச்சிட்டது. "யாரப் பாத்து எதத் தொடைக்கச் சொல்ற நீ?"

"ஐயோ, உங்களது இல்லக்கா! கம்ப்யூட்டரோடது. அதுக்குக் கண்ணு அங்கதான் இருக்கு. நீங்க அது மேலயே வச்சிட்டீங்க." டான்யா விம்மினாள். "பழத்தத் தொட்டதுக்கே அவ்வளவு ஏசுனீங்க. பொட்ட அழிங்கன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்வேன்? அதான் தெனமும் நானே தெறந்து வச்சேன். கணக்கு புதுசுக்கு மாறும்போது தேதியெல்லாம் கலைஞ்சு போச்சு. நீங்க பாத்தா பதறுவீங்கன்னு, வர்றதுக்குள்ள சரி பண்ணேன். அவ்வளவுதான்க்கா."

பஞ்சாலை நம்பவில்லை. நடிப்பு என்றாள். ரவிச்சந்திரன் பொட்டைத் துடைக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார்.

"வெள்ளிக்கெழமை தொரை" என்றார் ஆறுமுகம் மெதுவாக. "நம்ம கையால வேணாம்."

மூன்று பேரும் பஞ்சாலையைப் பார்த்தார்கள். அவள் டான்யாவின் பொய்யைத் தோலுரித்துக் காட்டும் வேகத்தில் துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்து கெட்டித்திருந்த சந்தனத்தைத் தேய்த்தாள். அது உதிர்ந்தது. கறுப்பு விளிம்பில், உளுந்தைவிடச் சின்னதாக, ஒரு கண் இருந்தது.

அது அவளைப் பார்த்தது. வட்டம் ஒரு முறை சுற்றியது. கணினி திறந்துகொண்டது. 'வருக, பஞ்சாலை' என்றது.

ஆறுமுகம்தான் முதலில் சிரித்தார். "கண்ணுல சந்தனத்த அப்பிட்டு ஆளத் தெரியலையான்னா எப்படிம்மா தெரியும்?" ரவிச்சந்திரனும் சிரித்துவிட்டார். டான்யா மட்டும் சிரிக்காமல் தன் மேசைக்குப் போய்ப் பையில் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"சார், நீங்க அனுப்பின மெயில்..." என்றாள் பஞ்சாலை.

ரவிச்சந்திரன் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "அது போயிருச்சு. மாத்தி எழுதணும்னா என்னான்னு எழுதறது? கிராணிக்குக் கம்ப்யூட்டர் தெறக்கத் தெரியல, அந்தப் பொண்ணு மேல பழி போட்டாங்கன்னா? எழுதினா செனாவாங் யாருக்குன்னு அவங்களே முடிவு பண்ணிருவாங்க. யோசிங்க. அது சின்னப் பொண்ணு. பேக்டரியில வேல கெடைக்கும்."

பஞ்சாலை தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதன் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். எத்தனை பேருடைய ஏளனத்தைத் தாண்டி வந்து சேர்ந்த நாற்காலி! பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டுவிட்டு, இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

டான்யா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது பஞ்சாலை கூப்பிட்டாள்.

"ஏ பொண்ணு. அனுப்பற பொத்தான எங்க கொண்டு போய் வச்சிருக்கான் இவன்?"

டான்யா தயங்கித் தயங்கி வந்தாள். திரையில் இருந்ததைப் படித்தாள். தவறு தன்னுடையது, அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை, இந்த மாதக் கணக்கைச் சரிசெய்ததும் அவள்தான், தனக்குப் புதிய சிஸ்டம் இன்னும் பிடிபடவில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு மலாய் மொழியில் எழுதியிருந்தது. கீழே பஞ்சாலையின் முழுப் பெயர்.

"அக்கா, இத அனுப்பினா உங்க..."

"எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு."

டான்யா காட்டினாள். மேல் மூலையில் ஒரு காகித விமானம். பஞ்சாலை அமுக்கினாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"எங்க, காட்டு. போயிருச்சுன்னு இது சொன்னா போதுமா?"

டான்யா அனுப்பியவற்றைத் திறந்து காட்டினாள். இருவருடைய கண்களிலும் நீர் வழிந்தது. யார் முதலில் யாருடைய தோளில் சாய்ந்தது என்று ஆறுமுகத்தைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்கிறார்.

செனாவாங் நாற்காலி டான்யாவுக்குத்தான் போனது. பஞ்சாலையைத் தோட்டத்திலேயே, குலை லாரிகளை எடை போடும் குடிலில் உட்கார வைத்தார்கள். தகர நாற்காலி. முதல் வாரம் அதில் அவள் யாரையும் பார்க்காமல்தான் உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் அதே புதிய சிஸ்டம் கறுப்பாக நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாளாவது அவள் போன் செனாவாங்குக்குப் போகும்.

"டான்யா, காலையிலேர்ந்து ஒரு நீலப் பொட்டி வந்து அப்டேட் பண்ணவா, அப்டேட் பண்ணவான்னு கேக்குது."

"பண்ணுங்க அக்கா. ஒண்ணும் ஆவாது."

"இன்னிக்கு வேணாம். ரொம்பத்தான் கெஞ்சுது. என்னாத்துக்குக் கெஞ்சுதுன்னு மொதல்ல தெரியட்டும்."