நாய்வண்டி டீச்சர் சியாசி

கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, வெறும் விரலால் கயிற்றுச் சிக்கை எடுக்கிறாள் சியாசி. பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் பத்து நாய்களுக்குப் பத்துக் கயிறு. ஓடும்போது ஒன்றையொன்று தாண்டிக் குதிப்பதில், ஒரு மணி நேரத்தில் பத்தும் சடையாகப் பின்னிக்கொள்ளும். உறைந்த கடல்மேல் நின்று அதைப் பிரித்தால்தான் மேற்கொண்டு பயணம். விரல் மரத்தால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி தொடங்குவாள். பொறுமையிழந்து கயிற்றை அறுக்கக் கத்தியை எடுக்கும் மாணவனுக்கு அன்று தேநீர் கிடையாது.

"அவ்வளவு அவசரமா ராசா? வீட்லயே படுத்துருக்கலாமே!"

கியூபெக்கின் வடகோடியில் இருக்கும் எங்கள் இனுவிட் பழங்குடி ஊரில், வகுப்பறையில் பத்து நிமிடம் உட்கார முடியாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் இவளிடம்தான் அனுப்புகிறது. வயது முப்பத்து நான்கு. இவளே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள். முதல் மாதம் பிள்ளைகள் வண்டியைத் தொடக்கூட முடியாது. நாய்களுக்குச் சீல் இறைச்சி வெட்டலாம், பீ அள்ளலாம். நாயைத் திட்டலாம், ஆனால் பெயர் சொல்லித்தான் திட்ட வேண்டும். "பொத்தாம்பொதுவா கத்துனா யாரச் சொல்றேன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?" போன வருஷம் என் கடைக் கண்ணாடியை உடைத்த பயல் இப்போது நாயின் பாதத்தை மடியில் வைத்து ஐஸ் துண்டுகளைப் பொறுக்குகிறான். இவள் எங்கள் ஊர்க்காரி என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அதை மறைப்பானேன்?

சென்ற மாதம் பதினாறு வயது உலாயு வண்டி ஓட்டினாள். வெள்ளைக் காட்டுக்கோழி ஒன்றைக் கண்டதும், வண்டியை நிறுத்திவைக்கும் இரும்புக் கொக்கியைப் பனியில் ஊன்றாமலே துப்பாக்கியோடு குதித்துவிட்டாள். நாய்களும் கோழியைப் பார்த்துவிட்டன; அவை பாய்ந்த பாய்ச்சலில் வண்டியில் பின்னால் இருந்த சியாசியும் பனியில் விழுந்தாள். வெறும் வண்டி ஊர் வந்து சேர, சியாசியும் அவளும் நான்கு மணி நேரம் நடந்து வந்தார்கள். "நாய்ங்க நல்லாத்தான் படிச்சுருக்கு!" என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று கதவைச் சாத்திய உலாயு பத்து நாள் வெளியே வரவில்லை. இனி வரவே மாட்டாள் என்று அவள் அம்மா என் கடையில் நின்று அழுதாள்.

பதினோராம் நாள் சியாசி பத்து நாய்களையும் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டினாள். அவை போட்ட ஊளையில் தெருவே எழுந்துகொண்டது.

"என்னால முடியாதுக்கா. நீங்களே ஓட்டுங்க," என்றாள் உலாயு, கதவிடுக்கில்.

"நான் நாய்ங்கள ரெண்டு தடவ ஓட விட்டவ. நீ ஒரு தடவதான். யாரு ஓட்டுனா நல்லதுன்னு நீயே சொல்லு."

கரையில் ஊரே கூடி நின்றது. உலாயு வண்டியில் முன்னால் உட்கார்ந்து நாய்களுக்குக் குரல் கொடுத்தாள். கரையோரத்தில் ஐஸ் உடைந்து ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அந்த மேட்டில் எந்தக் கொம்பனும் ஒரு தடவையாவது முன்னால் எட்டிப் பார்ப்பான். சியாசி அவளுக்குப் பின்னால், நாய்களுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டாள். வண்டி மேட்டில் ஏறிக் குலுங்கியபோது கோப்பையைச் சற்று உயர்த்திப் பிடித்தாளே ஒழிய, தலையைத் திருப்பவில்லை.