காட்டுமனுசனின் காலடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மறுமாதமே ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் அங்கே கிளார்க். கீழே கருங்கல் ஊர்ப் பக்கம் பள்ளியில் படித்தவள் என்பதால், தொழிலாளர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எஸ்டேட் நடத்தும் வெள்ளைக்காரத் துரை எனக்குக் கொடுத்தார்.

மழை பிடித்தால் வண்டிப்பாதை அறுந்துபோகும். பிறகு மலையிறங்கக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப்பாதை ஒன்றுதான். அதில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அங்கே காட்டுமனுசன் இருக்கிறதாம். உடம்பெல்லாம் கறுத்த ரோமம், இரண்டு காலில் நடக்கும், பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார்கள். நானும் நம்பினேன். கதவுக்கு இரண்டு தாழ் போட்டேன்.

இரண்டாம் வருட மழையில் அப்பா இறந்துபோனார். வண்டிப்பாதை அறுந்து கிடந்ததால் செய்தி எனக்குப் பதினாறாம் நாள்தான் வந்தது. அழுது முடித்தபிறகு கோபம் வந்தது. எந்த மிருகத்துக்குப் பயந்து இங்கே கிடக்கிறோம்? ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "நான் பாக்கல்ல, அவ பாத்தா" என்றார்கள். அவளிடம் போனால் அவளும் இன்னொருத்தியைக் காட்டினாள். கடைசியில் எல்லோரும் கைகாட்டியது கங்காணியை. ஆட்களைக் கொண்டுவந்து வேலைக்கு வைத்தவர் அவர்தான்; ஆள் ஓடிப்போனால் நஷ்டமும் அவருக்குத்தான். அவரும் நேரில் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் பாதை தொடங்கும் இடத்தில் ஈரமண்ணில் காலடி கிடந்தது. கூட்டம் கூடியது. சிலேட்டோடு போய்க் குனிந்து வரைந்தேன். குதிகால் மனிதனுடையது போலத்தான் இருந்தது. ஆனால் ஐந்து விரல்களும் ஒரே வரிசை. ஒவ்வொன்றின் முன்னாலும் நகம் குத்திய ஆழமான குழி. பத்தடி தள்ளிக் கறையான்புற்று கிளறிக் கிடந்தது.

"இது கரடி" என்றேன்.

ரப்பர் பால் எடுக்கும் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா ஊரில் படுக்கையில் கிடந்தாள். கங்காணி விட மறுத்துவிட்டார்.

"டீச்சரம்மா, உள்ளதச் சொல்லுங்க. அப்படி ஒண்ணு இல்லியா?"

"இருந்தா எலும்பு கிடைக்கணும், குட்டியாவது ஆரு கண்ணுலயாவது படணும். இத்தனை வருசத்துல ஒண்ணுமே இல்ல. ஆனா கரடி உண்டு. அதுக்குப் பேடிக்கணும். நல்ல வெயில்ல, தனியாப் போகாம, தகரத்தத் தட்டிக்கிட்டுப் போ."

மறுநாள் உச்சிவெயிலில் கைக்குழந்தையோடு அவளும் இன்னும் இரண்டு பெண்களும் இறங்கிப்போனார்கள். தகரச் சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலில் நின்றேன். நான் சொன்னது தப்பாக இருந்தால்?

அவர்களைக் காட்டுமனுசன் கொண்டுபோய்விட்டது என்று கங்காணி தொழிலாளர் குடியிருந்த லயமெங்கும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த கணவரின் முகம் வெளுத்திருந்தது.

"ஏட்டி, உனக்கு என்னத்துக்கு இந்த வேலை? தொரைக்குக் கங்காணி சொல்லுததுதான் வேதம். என்னை வேலைய விட்டு எறக்கிவிட்டா எங்க போவோம்?"

மறுநாளே துரை சொல்லிப் பள்ளியை மூடிவிட்டார்கள்.

மழை ஓய்ந்து முதல் வண்டி ஏறி வந்தது. மூன்று பேரையும் குழந்தையையும் கருங்கல் சந்தையில் பார்த்ததாக வண்டிக்காரர் சொன்னார். கைக்குழந்தைக்காரியின் அம்மா மகளைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடினாளாம். அடுத்த மழையில் இன்னும் நாலு குடும்பம் அந்தப் பாதையில் இறங்கிப்போயிற்று.

கணவரின் வேலை போய்விடுமோ என்று பயந்து நாங்கள் மேலும் ஆறு வருடம் அங்கேயே இருந்தோம். மழைக்காலத்தில் வெயில் அடித்தால், பாதை தொடங்கும் இடம்வரை நடந்துபோய்க் கொஞ்சநேரம் நிற்பேன். பிறகு கணவருக்குச் சோறு வடிக்கத் திரும்பிவிடுவேன்.