சேகரின் மூக்கும் ஒரு பொட்டலம் நீலமும்

போன வாரம், இங்கே பர்மாவில், லான்மடா கடைத்தெருவில் குடைக்குக் கம்பி மாற்றலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில், எலிப்பொறிக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொட்டலம் ஒன்று கிடந்தது. எத்தனை வருஷத்துத் தூசியோ! கடைக்கார பாய் நம் தமிழ்தான். "அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறா? சோப்புத்தூள்லயே எல்லாம் வந்துருது. சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் நடைபாதையில் நின்று அழுதேன். சிரிக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. அதுதான் இங்கே பிரச்சனையே.

சில வருஷத்துக்கு முன்னால், பசுந்தாங் ஓடைக்கரையில் ஒரு பழைய அரிசிக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, இரண்டு வெள்ளைக்காரர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சிலை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். லூக் பிரெஞ்சுக்காரர். ஹெலன் அமெரிக்கப் பெண்மணி. இங்கே வாத்தியாரை சயா என்றும் டீச்சரை சயாமா என்றும்தான் கூப்பிடுவோம், ஆகவே சயா லூக், சயாமா ஹெலன். என்னை மொழிபெயர்ப்புக்கு வைத்தார்கள். எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியும், மீதியை நானே சொந்தமாக இட்டுக்கட்டிப் பர்மியத்தில் விடுவேன். ஆறு மாதத்தில் எனக்கும் மண்ணில் கை வைக்க ஆசை வந்துவிட்டது.

சயா லூக்கிடம் சனிக்கிழமை என்றால் கொலை விழும். ஆறு நாள் மாங்கு மாங்கென்று மண்ணில் ஒரு தலை செய்து வைத்திருப்போம். மனிதர் ஒரு கம்பியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு வருவார். கழுத்தில் வைத்து ஒரே இழுப்பு. தலை பொத்தென்று தரையில் விழும். என் முதல் தலை விழுந்தபோது அவர் கையைக் கடித்துவிடலாமா என்று இருந்தது. பதினாலு வயதில் அவரை ஒரு கல்பட்டறையில் சேர்த்தார்களாம். அங்கே அவருடைய குரு நாலு வருஷம் இதையேதான் செய்தாராம். ஒரு தலையைக்கூட சயா வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கோடு பிசகினால், உளியைத் தட்டும் மரக் கொட்டாப்புளியால் விரல் முட்டியிலேயே போடுவாராம் குரு. வலது கையில் கோணிப்போன இரண்டு முட்டிகளை மெடல் மாதிரி காட்டுவார் சயா.

சயாமா ஹெலனுக்கு அந்த முட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் வெல்டிங் கற்றது அப்பாவின் கார்ப் பட்டறையில். பிறகு அமெரிக்காவில் ஏதோ கலைக் கல்லூரி. அங்கே யாரும் அடிக்கமாட்டார்கள். ஆனால் வாரம் ஒருநாள் ஒருவர் செய்ததைச் சுற்றி வகுப்பே நின்றுகொண்டு வாயாலேயே கிழித்துத் தொங்கவிடுமாம். "ஒருத்தி அழுதுகிட்டே ஓடினா, அப்புறம் வரவே இல்ல" என்பார். அவருடைய இடதுகை நடுவிரலில் பாதி கிடையாது. இரும்பைத் தேய்க்கிற மெஷின் தின்றுவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். இதில் யார் படிப்பு தேவலை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சயா கம்பியோடு வர, சயாமா ஒரு வாளி பிளாஸ்டர் கூழைத் தூக்கி அவர் முகத்திலேயே வீசிவிட்டார். அந்தக் கூழ் இருபது நிமிஷத்தில் கல்லாகிவிடும். மீசையோடு இறுகிப்போய் மனிதர் கர்ஜிக்கிறார், இந்தம்மா பதிலுக்குக் கத்துகிறார், பிள்ளைகள் என்னைப் பார்த்து "என்ன சொல்றாங்க?" என்கிறார்கள். "இந்த வாட்டி மண்ணு சரியில்லையாம்" என்றேன். மீசையைக் கத்தரித்து சயாவைக் காப்பாற்றியவன் சேகர்.

சேகர் எங்கள் தெருப் பையன், இருபத்திரண்டு வயது. த்வாண்டேயிலிருந்து படகில் வரும் களிமண்ணை இறக்கி, மிதித்து, பதமாக்குவது அவன் வேலை. அவன் அம்மா ராணியத்தை பசுந்தாங் சந்தையில் சமோசா போடுவார். சேகருக்குத் தன் மூக்கின்மேல் அப்படி ஒரு பெருமை. "தாத்தா மூக்கு அக்கா இது. ராம்நாட்லேர்ந்து கப்பல்ல வந்தது. பர்மாக்காரன் எவன்ட்டயும் இது கெடையாது" என்பான். சரி, உன் முகத்தையே செய்கிறேன் என்று உட்காரவைத்தேன். அசையாமல் இருடா என்றால் அரைமணிக்கு ஒருதரம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

முகம் நன்றாக வந்தது. அந்தச் சமயம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்துத் தெருவில் ஊர்வலங்கள் தொடங்கிவிட்டன, அடக்கச் சிப்பாய்களும் இறங்கிவிட்டார்கள். சயாவும் சயாமாவும் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டி வந்தது. சேகரின் மண்முகத்துக்கு நானேதான் அச்சு எடுக்கவேண்டும். மண்ணின்மேல் முதலில் மெல்லிசாக, துணி நீலம் கலந்த பிளாஸ்டர் ஒரு பூச்சு. அதன்மேல் கனமாக வெள்ளை. இறுகியதும் கவிழ்த்து, உள்ளேயிருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, அந்தக் குழியில் புது வெள்ளையை ஊற்றவேண்டும். கடைசியில் வெளி அச்சை உளியால் கொத்தி உடைக்கவேண்டும். கொத்தும்போது நீலம் தெரிந்தால் கையை அடக்கு, அடுத்து முகம் வருகிறது என்று அர்த்தம். சயா தன் குருவிடம் அடி வாங்கிக் கற்றது அது.

பட்டறையில் நீலம் தீர்ந்திருந்தது. லான்மடாவுக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். கொளுத்தும் வெயில், எனக்குச் சோம்பல், நமக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற திமிர் வேறு. வெறும் வெள்ளையைப் பூசினேன். விமான நிலையத்திலிருந்து சயா போனில் கேட்டார், "நீலம் போட்டாயா?" "போட்டேன் சயா." எவ்வளவு சுளுவாக வந்தது தெரியுமா அந்தப் பொய்!

அச்சுக்குள் ஊற்றிய நாலாம் நாள், ஊர்வலத்தில் போன சேகரைச் சுட்டுவிட்டார்கள். முகத்தில்.

மறுநாள் காலை யாரையோ தேடிக்கொண்டு சிப்பாய்கள் கிடங்குக்குள் வந்தார்கள். என்னை மண்டியிட்டுக் கையைப் பிடரியில் வைக்கச் சொன்னார்கள். அலமாரியில் இருந்த தலைகளை ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே காதுகளை மட்டும் தனியாக உடைத்தான். பிளாஸ்டர் சில்லு என் கன்னத்தைக் கிழித்தது. அச்சுக்குள் இருந்த சேகர் பார்வைக்கு வெறும் வெள்ளைக் கட்டி. ஒருவன் அதை எட்டி உதைத்துவிட்டு, கால் வலிக்கவே கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு போனான். அன்று பிழைத்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் ராணியத்தை வந்தார். "அவன் மூஞ்சி இங்க இருக்காமே. எடுத்துக் குடு."

"இப்ப வேணாம் அத்தை. உடைஞ்சிரும்."

"இதைவிட மோசமாப் பாத்துட்டு வந்திருக்கேன். அடி."

அடித்தேன். நெற்றி வந்தது, ஒரு கண், கன்னம், வாய். உள்ளே கள்ளன் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்குக்கு வந்ததும் உளியை நிறுத்தினேன். எல்லாம் ஒரே வெள்ளை. எங்கே அச்சு முடிகிறது, எங்கே அவன் என்று தெரியவில்லை. "என்னடி முழிக்கிற? குடு" என்று அத்தை உளியையும் கொட்டாப்புளியையும் பிடுங்கினார். நில்லுங்கத்தை, நான் நீலம் போடல என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வெறி பிடித்தமாதிரி அடித்தார். மூன்றாவது அடியில் மூக்கு அச்சோடு பெயர்ந்து தரையில் விழுந்து பொடிப்பொடியானது.

"ஐயோ, என் கையாலேயே ஒடச்சிட்டேனே! அவன் தாத்தா மூக்க நானே ஒடச்சிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் முதுகைத் தடவி, "விடுங்கத்தை, யாரு கைனாலும் அப்டித்தான் ஆகும்" என்றேன். பாவி நான். அந்த மூளி முகத்தைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்.

கிடங்கில் இப்போது பழைய டயர் விற்கிறார்கள். சயா, சயாமா இருவரிடமிருந்தும் ஒரு வரி கிடையாது. ராணியத்தை தன் மகளோடு எல்லை தாண்டிப் போய்விட்டார். கடைசியாகப் போனில் பேசியபோது, "கனவுல வர்றான்டி. மூக்கத் தடவிக்கிட்டு, ஏம்மா இப்டிப் பண்ணுனேங்கிறான்" என்றார். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

லான்மடா நடைபாதையில் நீலப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் எண்ணைப் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுசெய்த ஒரு பர்மியப் பெண்குரல். அதனிடமே சொல்லிப் பார்த்தேன். "அத்தை, நீங்க ஒடைக்கல. நான்தான்." குரல் நின்று, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.