மகள் கேட்ட செடிப் படிப்பு

இருபது வருடமாக ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுத்தே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. அதனால் மகள் கவுன்சிலிங்கில் அரசு தோட்டக்கலைக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டபோது எரிச்சல்தான் வந்தது.

"ஒனக்கும் செடி சோலியா? அத அழிச்சிரு ஆத்தா" என்றேன். அவளும் நீக்கிவிட்டாள்.

மறுநாள் எஸ்டேட்டில் அழுகல் நோயைப் பார்க்க ஒரு இளம்பெண் வந்தாள். அவள் வேரைப் பிளந்து காட்டிப் பேச, முதலாளி கைகட்டிக் கேட்டார்.

"எங்க படிச்சம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"கவர்மெண்ட் தோட்டக்கலைக் காலேஜ்தான்க்கா. ஃபீஸ் கம்மி."

விருப்பத்தை மாற்ற அன்றே கடைசி நாள். டவர் கிடைக்கும் மேட்டுக்கு மூச்சிரைக்க ஏறி மகளை அழைத்தேன். "வெரசா அதையே மொதல்ல போடு ஆத்தா!"

இடம் கிடைத்தது. இப்போது அவள் விடுமுறைக்கு வந்தால், அழுகிய செடி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் சொல்வதை வாய்மூடிக் கேட்கிறேன்.