ரசிக்கக் கூடாத ரசிகர்

பல் கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பொய்ப்பல் செய்து கொடுப்பவர் அவர். பல்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். காதில் ஹெட்போன், அதில் இருபத்திரண்டு வருடமாக இத்தாலிய ஓபரா. யாரோ ஒருத்தி விஷம் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பாடுவாள். இவர் கடைவாய்ப்பல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இசைத்தட்டு உறைகளையும் ஓர் அகராதியையும் வைத்து அந்த மொழியையும் கற்றுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் செய்வதுதானே ரசிகனுக்கு வேலை.

கலையரங்க மேனேஜர் அவரைத் தேடி வந்தது அதனால்தான். இத்தாலியிலிருந்து ஒரு குழு வருகிறது. பாட்டின் பொருள் மேடைக்கு மேலே தமிழில் வரிவரியாகத் தெரிய வேண்டும். பல்செட்டுக்காரர் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அறுநூற்றுப் பன்னிரண்டு வரி எழுதினார். பாட்டோடு சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் பட்டனை அமுக்குவதும் அவர் பொறுப்பு. முந்தினால் நகைச்சுவை முன்கூட்டியே தெரிந்துவிடும். பிந்தினால் சாவுக்குச் சிரிப்பார்கள்.

ஒத்திகையில் உச்சக்குரல் பாடகரான டெனர் குரலெடுத்தார். இவர் கண்ணை மூடினார். பதினான்கு வரி போயே போய்விட்டது.

“சார், ரசிக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு உக்காருங்க,” என்றார் மேனேஜர். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் மச்சானை உக்கார வெச்சிடுவேன்.”

“அவருக்கு மொழி தெரியாதே?”

“அதான் நல்லது. முழிச்சிட்டிருப்பான்.”

அன்று முதல் வீட்டில் ரசிக்காமலிருக்கப் பயிற்சி. பாட்டு ஓடும், மனைவி கரண்டியோடு எதிரே உட்காருவாள், இமை தாழ்ந்தால் முழங்கையில் ஒன்று விழும்.

“ஏங்க, இவ்வளவு பிடிச்சதைப் பிடிக்காத மாதிரி கேக்கணுமா? என்ன கொடுமை!”

“பேசாதே, கண்ணைப் பாரு!”

ஞாயிறு மாலை நான்கு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. ஒவ்வொரு வரிக்கும் நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடியது. ஐந்நூற்று எண்பத்தெட்டு வரை ஒரு பிசகும் இல்லை. அது வண்டிக்காரன் வரி: ‘குதிரைக்கு இன்னும் தண்ணீர் காட்டவில்லை.’

அப்போது நாயகி விஷத்தைக் குடித்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

கைதட்டல் கேட்டுத்தான் பல்செட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். நாயகி செத்துக் கிடந்தாள். அவள் தலைக்கு மேலே குதிரை இன்னும் தாகத்தோடு நின்றது.

மானம் கப்பலேறியது என்று அவர் எழுந்தபோது, மேனேஜர் கண்ணைத் துடைத்தபடி ஓடி வந்து கட்டிக்கொண்டார். “பிரமாதம் சார்! ஒரு வரி பிசகலையே!”

இருபத்துநான்கு வரி போயிருக்கிறது. ஒருவரும் தலையை நிமிர்த்தியே பார்க்கவில்லை. பிழைத்தோம் என்று மகிழ்வதா, மூன்று மாதம் யாருக்காக எழுதினோம் என்று அழுவதா? அவருக்குப் புரியவில்லை.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “ஏங்க, அவ பாட்டுக்குச் செத்துட்டிருக்கா, கடைசி வரைக்கும் குதிரையே நிக்குது?”

அவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். “நீ படிச்சியா?”

“பின்னே? எனக்கு அந்தக் கத்தலா புரியுது? நீங்க எழுதினதுன்னுதான் வந்தேன்.”

பேருந்து நிறுத்தம் வரை, விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கடைசியில். “சாகப்போறவ இவ்வளவு நீளமா பேசுவாளா? பாதியை வெட்டிடுங்க.”