மலைக்காற்றுக்கு விழுந்த கைதட்டல்

முனவ்வராவுக்குக் கோபம் வருவது குன்னூர் கடைவீதிக்குப் புதிதல்ல. அவள் பேக்கரியின் வர்க்கி பிஸ்கட் நமத்திருக்கிறது என்று வாய்தவறிச் சொன்னவர்கள் இன்றும் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார்கள். ஆனால் அவளை நிஜமாகவே கொதிக்க வைக்க ஒரே ஒரு சொல் போதும்: மலைக்காற்று.

இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு, தங்கள் பேக்கரிக்கு மேல்மாடியில் திறந்த ஜிம்மில் சேர்ந்தவள் அவள். அங்கேதான் ஹைப்ரிட் ரேஸ் அவளைப் பிடித்துக்கொண்டது. ஓட வேண்டும், மூச்சு அடங்கும் முன் எடை ஏற்றிய வண்டியைத் தள்ள வேண்டும், மறுபடி ஓட்டம், மணல் மூட்டையைத் தோளில் போட்டு முட்டி தரையைத் தொடத் தொட நடை, மறுபடி ஓட்டம். கடைசியில் கனத்த பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடிக்க வேண்டும். மைதா மூட்டை சுமந்து பழகிய அவளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

விடிகாலைத் தூக்கத்தைத் தொலைத்து, உள்ளூர்ப் போட்டியில் முதலாவதாக வந்தாள். மைக் பிடித்தவர் என்ன சொன்னார்? "மலைக்காத்துல வளர்ந்தவங்க, மூச்சு தானா வரும்." கூட்டம் கைதட்டியது. யாருக்கு? காற்றுக்கு.

"அதே காத்தைத்தானுங்க நீங்களும் இழுக்கறீங்க?" என்று வீட்டில் கணவன் ரஹீமிடம் பொருமினாள். ரஹீம் மார்க்கெட் படியில் இரண்டு தடவை உட்காராமல் மேலே ஏறியதில்லை.

ஜிம் கோச் கீர்த்திவாசன் கோயமுத்தூர்க்காரன். அவனும் அதே பாட்டைத்தான் பாடினான். "உங்களுக்கு எதுக்குங்க்கா ஓட்டப் பயிற்சி? மலைக்காரங்களுக்கு நுரையீரல் பிறவியிலேயே பெருசு. வெயிட்டைத் தூக்குங்க, போதும்." பாராட்டுகிறான் என்று இவளும் தலையாட்டிவிட்டாள். போதாக்குறைக்கு, குன்னூர்க் குளிரில் யாருக்குத் தாகம் எடுக்கிறது? பயிற்சி முடிந்தால் சூடாக ஒரு டீ. தண்ணீர் பாட்டில் அழகுக்கு.

கோயமுத்தூரில் பெரிய போட்டி, சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. அங்கேயும் பாட்டிலைத் தொடாமல் ஓடினாள். பந்து எறியும் இடம் வரை வந்தவளுக்குக் கெண்டைக்கால் இழுத்தது, கண் இருட்டியது, விழுந்தாள். பிடரியில் ஐஸ் வைத்தவர்களின் பேச்சு தலைக்கு மேலே கேட்டது: "குளிர்ல இருந்தவங்களுக்கு இந்த வெக்கை தாங்குங்களா?" கோச்சும் ஆமாம் போட்டான்.

படுத்திருந்தவளுக்கு உடம்பைவிட வயிறு எரிந்தது.

"ஜெயிச்சா மலைக்காத்து, தோத்தா மலைக்குளிர். நடுவுல நான்னு ஒருத்தி இருக்கறனா இல்லீங்களா, தம்பி?"

அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இப்போது நீட்டி என்ன பிரயோஜனம்?

இனி ஜெயித்தால் அது தன் பேரில்தான் இருக்க வேண்டும் என்று ஊர் திரும்பினாள். காலையில் வெலிங்டன் பக்கம் சமமான ரோடாகப் பார்த்து ஓடினாள். மதியம் வர்க்கி வெந்து முடிந்ததும், செங்கல் இன்னும் அனலடிக்கும் அடுப்பறைக்குள் ஸ்கிப்பிங் கயிற்றோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குதிப்பாள், மூட்டையோடு உட்கார்ந்து எழுவாள், உப்புப் போட்ட தண்ணீரைக் குடிப்பாள். முதல் சில நாள் தலைவலியோடு சீக்கிரமே வெளியே வந்தாள். பிறகு உடம்பு வழிக்கு வந்தது. ரஹீம் கதவுக்கு வெளியே காவல்.

"முனவ்வரா, உசிரோட இருக்கியா?"

"இருக்கறேங்க. கதவைத் திறந்துராதீங்க, சூடு போயிரும்."

அடுத்த கோடையில் அதே தகரக் கூரைக்குக் கீழே, அவள் வயதுப் பெண்களில் முதல் ஆளாகக் கடைசிப் பந்தை எறிந்தாள். விழவில்லை. அழுதாள், அதுவும் கொஞ்சம்தான்.

அந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. அதில் மெடலோடு அவள் படம். மேலே கொட்டை எழுத்தில், 'மலைக்காற்று தந்த வெற்றி! பயிற்சி முகாமில் சேருங்கள்.' கீழே கோச்சின் பேர். அவள் பேரை எங்கேயும் காணோம்.

நேரே மாடிப்படி ஏறினாள். "தம்பி, கொஞ்சம் கடைக்கு வாங்க."

சூடாக வர்க்கி கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டே வந்தான். அடுப்பறைக்குள் கூட்டிப்போய், தானும் உள்ளே நின்று, கதவைச் சாத்தினாள்.

"இங்கதானுங்க தம்பி பழகினேன். நீங்க சொல்ற மலைக்காத்து எந்தப் பக்கமா வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

அவன் கண்ணாடியில் ஆவி படிந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஃப்ளெக்ஸை இன்னைக்கே எறக்கிடறேங்க்கா."

"எறக்க வேண்டாம். காத்தை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

வெளியிலிருந்து ரஹீம் வழக்கம்போலக் குரல் கொடுத்தார். "முனவ்வரா, உசிரோட இருக்கியா?"

"நான் இருக்கறேங்க. இங்க ஒருத்தர் காத்தைத் தேடறாரு, அவருக்குக் கதவைத் திறந்துவிடுங்க."